ஈயக் குண்டுக்குப் பொருத்தம் பார்த்தவர்

கடைக்காரர் ஒருவர் வாடிக்கையாளரைக் கண்டதும் சொல்லும் முதல் சொல் "வாங்கோ" என்றுதான் நான் நம்பியிருந்தேன். சுவிஸ் அண்ணையின் கடையில் முதல் சொல் "வேண்டாம்." அடுத்தது, "தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

அவருக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. அதைப் பொலிஸ்காரரும் பாங்க்காரரும் மட்டுமே பாவித்தார்கள். சுவிற்சர்லாந்தில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர் என்பதால் ரெய்னர்ஸ் லேன் முழுவதற்கும் அவர் சுவிஸ் அண்ணை. சொக்லேட் விற்றிருந்தால் பெயருக்கு எடுப்பாக இருந்திருக்கும். அவர் விற்றது வெடிமருந்து.

பயப்பட வேண்டாம். எல்லாம் சட்டப்படி. பொலிஸ் கொடுத்த லைசென்ஸ், இரண்டு பூட்டுப் போட்ட கதவு, உள்ளே இன்னொரு இரும்புக் கதவு, அதற்கும் உள்ளே மரப்பெட்டி. மரக்கறிக் கடைக்கும் சேலைக் கடைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த அந்த ஒடுங்கிய கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. பழங்காலத் துவக்குகளை வைத்துக்கொண்டு கடதாசி இலக்குகளைச் சுடுகிற வெள்ளைக்காரக் கிழவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே அடைக்கிறவர்கள். குண்டையும் கடையில் வாங்குவதில்லை. ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, வீட்டிலேயே வார்த்துக்கொள்வார்கள். நாங்கள் மார்கழியில் பலகாரம் சுடுவதுபோல அவர்கள் குளிர்காலம் முழுக்கக் குண்டு வார்ப்பார்கள்.

ஈயம் மெல்லிய சாதி. வேகமான மருந்தால் தள்ளினால் குழலுக்குள்ளேயே வழிந்து அப்பிக்கொண்டுவிடும். பிறகு துவக்கு வடக்கே பார்த்தால் குண்டு வடகிழக்கே போகும். அதற்கென்று தோளில் கைபோட்டு அழைத்துப்போகிற மாதிரி ஒரு சாதுவான மருந்து இருந்தது. சாம்பல் நிறம். ஒவ்வொரு மணியும் நடுவில் துளையுள்ள சின்னஞ்சிறு வளையம். எறும்புகள் தங்கள் கல்யாணத்துக்கு உளுந்து வடை சுட்டால் அந்த அளவில்தான் இருக்கும். அந்த மருந்தைச் செய்துவந்த கம்பனி ஒருநாள் செய்வதை நிறுத்திவிட்டது. நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், என்ன தெய்வம் சொல்லிற்றோ, சுவிஸ் அண்ணை தனக்குச் சட்டம் அனுமதித்த அளவுக்கு அதை வாங்கி அடுக்கிவிட்டார்.

அதன் பிறகு அவரிடமிருந்து அந்த மருந்தில் ஒரு ரின், ஒரே ஒரு தகரப் பேணி, வாங்குவது, பிரித்தானியக் குடியுரிமை வாங்குவதைவிடக் கடினமாகிப்போனது. எனக்கு இரண்டையும் பற்றித் தெரியும். ஒன்றுக்கு விண்ணப்பித்தேன், மற்றதைப் பார்த்தேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் மகளால். சனிக்கிழமைகளில் அவளை ஹரோவில் தமிழ் வகுப்புக்கு விட்டுவிட்டு, அவள் அங்கே மெய்யெழுத்துகளோடு மல்லுக்கட்டும் நேரத்தை நான் எங்காவது கழிக்கவேண்டும். சுவிஸ் அண்ணையின் கடையில் கேத்தில் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். உலகப் போர்கள் இரண்டையும் பற்றி அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவன் நான். ஆனால் குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். வெடிமருந்துக் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன் என்பதே எனக்குள் ஒரு பெரிய வீரக் கிளுகிளுப்பு. அலுவலகத்தில் இரண்டு பேருக்கு அதைச் சொல்லியும் வைத்தேன். இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போனார்கள்.

"அண்ணை, நாங்கள் ஊரிலை துவக்கைக் கண்டு ஓடி வந்த சனம். உங்களுக்கு எப்பிடி இதிலை ஆசை வந்தது?" என்று ஒருநாள் கேட்டேன். கோயிலில் பலபேர் அவருடைய முதுகுக்குப் பின்னால் கேட்ட கேள்விதான்.

"எனக்கு ஆசையில்லைத் தம்பி. தனிமை," என்றார். "மலைக்கு மேலை ஒரு சின்ன ஊர். நான் ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவுறன். ஞாயிற்றுக்கிழமை வந்தா ஊர் முழுக்கச் சுடப் போயிடும். குஞ்சு குருமான் எல்லாம். நான் மட்டும் மாட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறன், மாடு என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. ஒருநாள் முதலாளி வந்து, வாடா எண்டு இழுத்துக்கொண்டு போனான். ஊரிலை துவக்கைக் கண்டா ஓடுவம். இவங்கள் துவக்கைக் குடுத்துப் படுத்துக் கிடந்து சுடச் சொல்லுறாங்கள்! கண்ணை மூடிக்கொண்டு சுட்டன். கடதாசியிலை ஓட்டை விழுந்தது, ஒருத்தரும் அழேல்லை. எல்லாரும் கை தட்டினாங்கள். அண்டைக்குத்தான் தம்பி, சத்தம் கேட்டாப் பிறகும் மனுசர் சிரிப்பினம் எண்டு கண்டன்."

சொல்லிவிட்டு, பெரிய விஷயம் எதையோ சொல்லிவிட்டோமென்று வெட்கப்பட்டவர்போல எழுந்து கேத்திலைப் போட்டார். அது ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

கடைக்கு மேலே அவர்களுடைய வீடு. அக்கா, அதாவது அவருடைய மனைவி, அங்கிருந்து தொலைபேசியில் கல்யாணம் பேசுவார். ரொறொன்ரோப் பொம்பிளைக்கு லண்டன் மாப்பிள்ளை, பாரிஸ் மாப்பிள்ளைக்குச் சட்டன் பொம்பிளை என்று கண்டங்களைக் கட்டி இழுத்து முடிச்சுப் போடுகிற கை. எங்கள் ஆட்களிடம் சாதகக் குறிப்புப் பொருத்தம் நூற்றுக்கு இத்தனை வீதம் என்ற கணக்கில்தானே வரும்? "அறுவத்தஞ்சு வீதம் இருக்கு, இதுக்கு மேலை என்ன வேணும் உங்களுக்கு? பொடியன்ரை தலைமயிரையும் சேத்தே கணக்குப் பாக்கிறது?" என்று அக்கா மேலே முழங்குவது கூரைத் தட்டு வழியாகக் கீழே சொட்டும். அந்த முழக்கத்துக்குக் கீழே வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்ததில் அண்ணைக்கும் தொழில் பற்றிக்கொண்டது. அவர் மருந்துக்கும் துவக்குக்கும் பொருத்தம் பார்க்கத் தொடங்கினார்.

யாராவது மருந்து கேட்டு வந்தால் முதலில் பொலிஸ் சான்றிதழைப் பார்ப்பார். அது சட்டம். அதன் பிறகு தொடங்குவதுதான் அவருடையது. துவக்கு எந்த வருடத்தில் பிறந்தது? எந்த நாட்டில்? இதற்கு முதல் யார் வைத்திருந்தார், ஏன் விட்டார்? குழலில் துரு உண்டா? கடைசியாகச் சுட்ட கடதாசியைக் கொண்டுவந்தீர்களா? கடதாசியை மேசையில் விரித்து, கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓட்டைகளைக் கிரகங்களைப் போலப் பார்ப்பார். இடையில் வந்தவரின் முகத்தையும் ஒருதரம் பார்ப்பார். இறுதியில் தீர்ப்பு வரும், ஆங்கிலத்தில், வீதக் கணக்கில்.

"நாற்பத்தைந்து வீதம். வேண்டாம்."

எழுபது வீதத்துக்கு மேல் அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்க்கவில்லை. அறுபது வீதத்துக்கு மேல் கிடைத்தவர்களிடம், "பார்ப்பம், அடுத்த மாதம் வாங்கோ" என்பார். மளமளவென்று பேசுகிற ஒரு இளைஞன் பளபளக்கும் புதுத் துவக்கின் படத்தைக் கைபேசியில் காட்டி, இந்த மருந்து எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டான். வேகம் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணை படத்தைப் பார்க்காமலே கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். வேல்ஸிலிருந்து விடியவே புறப்பட்டு வந்த ஒரு செம்மறிப் பண்ணைக்காரருக்கு ஐம்பத்தெட்டு வீதம் சொல்லி, வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் பக்கத்துக் கடையில் கடலை வடை வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் பிறகு நன்றி சொல்லி ஒரு அட்டை அனுப்பினார். வடைக்கு.

"இப்பிடி யாவாரம் செய்தா எப்பிடி அண்ணை?"

"வித்தா முடிஞ்சு போயிடும் தம்பி. இனி ஒருத்தரும் செய்யமாட்டினம். பொருந்தாத இடத்திலை குடுத்துப்போட்டுப் பிறகு அழுறதே?"

இந்த வேண்டாம்களில் ஆகப் பழையது டொக்டர் அம்மாவுக்குச் சொன்னது. ஓய்வுபெற்ற பல் வைத்தியர். உயரமான, ஒல்லியான வெள்ளைக்கார அம்மா. நாற்பது வருடம் மற்றவர்களின் வாய்க்குள் ஒரு மயிரிழை பிசகாமல் வேலை செய்த கையால் இப்போது குண்டு வார்க்கிறார். அண்ணை போகிற அதே கிளப்புக்குத்தான் அவரும் போவார். இலையுதிர் காலத்தில் அந்தக் கிளப்பில் பழைய துவக்குகளுக்கென்று ஒரு போட்டி உண்டு. பரிசு, ஒரு பக்கம் நெளிந்த பித்தளைக் கேடயம். டொக்டர் அம்மா முதலாவதாக வருவார். அண்ணை இரண்டாவதாக வருவார். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் பிரதமர் மாறினாலும் இது மாறவில்லை.

அண்ணைக்கு அந்தக் கேடயம் வேண்டும். சும்மா இல்லை, மிகவும் வேண்டும். வீட்டுச் சாமி அறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அதற்கென்று இடம் ஒதுக்கி, ஒரு பட்டுத் துண்டும் விரித்து வைத்திருந்தார். அக்கா அதில் கற்பூரப் பெட்டியை வைத்தால் எடுத்துத் தள்ளி வைப்பார்.

ஒவ்வொரு வசந்த காலத்திலும் டொக்டர் அம்மா கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் விரிப்பார். அண்ணை இரண்டு கண்ணாடியும் போட்டுப் பார்ப்பார். "ஐம்பது வீதம்," என்பார். "உங்கள் துவக்குக்கு இது சரிவராது." அந்த அம்மா சிரித்துவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டுப் போவார்.

"போட்டியிலை வெல்லுறா எண்டு குடுக்கிறியளில்லை. அப்பிடித்தானே?" என்று நான் சீண்டினேன்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "விசர்க் கதை கதையாதையும்! போட்டி வேறை, பொருத்தம் வேறை. அவவின்ரை குழல் அகலம். மருந்து அதுக்குள்ளை சும்மா உலாத்தித் திரியும். நான் பொய் சொல்லுவனே?"

பொய் சொல்லமாட்டார். ஆனால் மாமியார்களும் பொய் சொல்வதில்லை; அவர்கள் குறையைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு அந்த வருடம் வந்தது. கட்டிடத்துக்காரர் கடையை இடித்து ஃப்ளாற் கட்டப்போவதாக அறிவித்தார். லைசென்ஸ் அந்த முகவரிக்குக் கொடுத்தது. கடை போனால் லைசென்ஸும் போகும். மாத முடிவுக்குள் விற்காத மருந்தைக் கொண்டுபோய் அழிக்கக் கொடுத்துவிட வேண்டும். அழிப்பது என்ற சொல்லைக் கேட்டபோது அண்ணையின் முகம், பிள்ளையை விடுதியில் சேர்க்கச் சொன்னதுபோல ஆயிற்று. தன்னுடைய சுவிஸ் துவக்குக்கென்று ஒரே ஒரு ரின்னை ஒதுக்கி, மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேசைக்குக் கீழே தனியாக வைத்தார். கேடயத்துக்கான ரின் அது. மற்றதெல்லாம் விற்பனைக்கு என்று என்னைக் கொண்டு இணையத்தில் ஒரு வரி போடச் செய்தார். பழைய துவக்குக்காரர்களின் பக்கத்தில் நான் அதைப் போட்டது ஒரு வியாழன் மாலை.

சனிக்கிழமை காலை மகளை இறக்கிவிட்டு வந்து பார்க்கிறேன்: வரிசை மரக்கறிக் கடையைத் தாண்டி, மீன் கடையைத் தாண்டி, பஸ் தரிப்பு வரைக்கும் நிற்கிறது! மெழுகு பூசிய பச்சைக் கோட்டுகளும், பூச்சி அரித்த தொப்பிகளும், முழங்கால் வலியுமாக இங்கிலாந்தே திரண்டு வந்து ரெய்னர்ஸ் லேனில் முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றது. என் ஒரு வரியை இத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள்! முப்பது வருடமாக எழுதுகிறேன். இப்படி ஒரு வரவேற்பு எனக்குக் கிடைத்ததேயில்லை.

நடந்தது அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமைச் சாமான் வாங்க வந்த எங்கள் சனம் வரிசையைக் கண்டது. மாம்பழக் காலம் வேறு. ஒரு தமிழ்க் கடைத்தெருவில் காலங்காத்தாலே வரிசை நின்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கமுடியும்.

"என்ன தம்பி, கறுத்தக்கொழும்பான் வந்திட்டுதோ?" என்று ஒரு அம்மா கேட்டபடியே, பதிலுக்குக் காத்திராமல் வரிசையில் நின்றுகொண்டார். தனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரத் தாத்தாவிடமும் ஆங்கிலத்தில் விசாரித்தார். தாத்தா மிகவும் உணர்ச்சிவசப்பட்டு, இதுதான் கடைசி, இனிமேல் எங்கேயும் கிடைக்காது, தான் விடிய எழும்பி வந்ததாகச் சொன்னார். அம்மா உடனே கைபேசியை எடுத்தார்.

"அக்கா! கெதியா வாங்கோ! கடைசியாம், இனி வராதாம்! வெள்ளைக்காரனெல்லாம் வந்து நிக்கிறான்! அத்தானையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஆளுக்கு ஒண்டுதான் குடுப்பினமாம்!"

அரை மணி நேரத்தில் வரிசையில் மூன்றில் ஒரு பங்கு நாங்கள். கடைக்குள்ளே அண்ணை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது. வேண்டாம். ஐம்பத்திரண்டு. வேண்டாம். ஒரு பக்கம் கேத்தில் ஓயாமல் கொதிக்க, மறுபக்கம் கிழவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். முதலாவது மாம்பழ அம்மா மேசைக்கு வந்தார்.

"சேட்டிபிக்கேற் இருக்கோ?" என்றார் அண்ணை நிமிராமல்.

"மாம்பழத்துக்கும் சேட்டிபிக்கேற்றோ! எல்லாம் இந்தப் பிரெக்சிற்றாலை வந்த வினை. டிரைவிங் லைசென்ஸ் காட்டினாக் காணுமோ?"

இந்த நேரத்தில்தான் மேல்மாடிப் படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"இஞ்சாருங்கோ," என்றார் அக்கா. "எத்தினை வித்தனீங்கள்?"

அண்ணை மேசையைப் பார்த்தார்.

"காலமையிலையிருந்து ஒண்டுமில்லை! மாசம் முடியப் போகுது. அழிக்கக் குடுக்கப் போறியளோ? வயசு போன மனுசரை நிக்கவைச்சுக் குறை பிடிக்கிறியள். எழும்புங்கோ. நீங்கள் வெளியிலை போய் மாம்பழக்காரருக்கு விளக்கம் சொல்லுங்கோ. தம்பி, நீரும் போம்."

"இஞ்சாரும், உமக்கு இதிலை என்ன தெரியும்?"

"நீங்கள் எனக்குப் பொருந்தேல்லை எண்டுதான் சாத்திரியார் சொன்னவர். முப்பத்தெட்டு வீதம். சமைச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறன்தானே? போங்கோ."

லைசென்ஸில் அக்காவின் பெயரும் இருந்தது. நாங்கள் போனோம். மாம்பழம் இல்லை என்று எங்கள் சனத்தை நம்பவைப்பது லேசான காரியமில்லை. ஒளித்துவைத்து வெள்ளைக்காரருக்கு மட்டும் கொடுக்கிறோம் என்று ஒருவர் சத்தம் போட்டார். கவுன்சிலுக்கு எழுதப் போவதாக இன்னொருவர். கண்ணாடி வழியாக நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா ஒவ்வொரு கிழவரிடமும் சான்றிதழை வாங்கிப் பார்த்து, பிறகு கடதாசியை ஆசையோடு வாங்கி, "ஆகா, என்ன வடிவான ஓட்டை!" என்கிற பாவனையில் தலையை ஆட்டி ஆட்டி ரின்னைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிழவர்கள் தாலி கட்டிய கையோடு வருகிற மாப்பிள்ளைகள்போல வெளியே வந்தார்கள். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். யாரென்றே தெரியாது.

தெரு வெறித்தபோது நாங்கள் உள்ளே போனோம். மரப்பெட்டி துடைத்துவைத்ததுபோலக் கிடந்தது.

"எல்லாம் போட்டுதோ?" அண்ணையின் குரலில் பாதி மகிழ்ச்சி, பாதி ஒப்பாரி.

"எல்லாம். கடைசியா அந்தப் பல்லு டொக்டர் அம்மா வந்தவ. பெட்டி வெறுமையாப் போச்சு. முகத்தைப் பாக்கப் பாவமாக் கிடந்தது. நல்ல காலம், மேசைக்குக் கீழை ஒண்டு கிடந்தது, பொட்டெல்லாம் வைச்சு."

அண்ணை கதிரையில் உட்கார்ந்தார்.

"அது என்ரை ரின்."

"பொட்டு வைச்சு அலங்கரிச்சு வைச்சா குடுக்கத்தானே?" என்றார் அக்கா. பிறகுதான் அவருக்கும் விளங்கியது. கை தானாக வாய்க்குப் போனது.

"அண்ணை, அவவுக்கு இப்ப ஃபோன் பண்ணுவம். நல்ல மனுசி, திருப்பித் தருவா," என்று நான் கைபேசியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கட்டிக் குடுத்த பிள்ளையை ஆரும் திருப்பிக் கேக்கிறதே, தம்பி?"

வீட்டில் அவருடைய பழைய ரின் ஒன்றின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டியில் சோறு சுரண்டுவதுபோலச் சுரண்டி, போட்டிக்கு வேண்டிய தோட்டாக்களை அடைத்தார். பழகிப் பார்ப்பதற்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒன்றும் சுட்டுப் பாராமல் நேரே போய்ப் போட்டியில் சுடவேண்டும். அதுவும் பொட்டு வைத்த ரின்னோடு வருகிறவரை எதிர்த்து.

போட்டியன்று நான்தான் கார் ஓட்டினேன். இருநூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு பிஸ்கற்றைச் சுட்டு விழுத்தும் அந்த மனிதருக்குக் காரைப் பின்னால் எடுத்து நிறுத்த வராது. லைசென்ஸ் சோதனையில் திரும்பத் திரும்பத் தோற்றவர். போய் இறங்கினால், பக்கத்துக் காரின் டிக்கியில் குங்குமப் பொட்டோடு அந்த ரின்! டொக்டர் அம்மா அதைத் தூக்கிக் காட்டி, உங்கள் மனைவி இதுதான் ஆக விசேஷமானது என்று சொன்னார், பொட்டை நான் அழிக்கவேயில்லை என்றார். நான் தமிழில் எழுதுகிறேன். அவர் சொன்ன ஆங்கிலம் இதைவிடவும் அன்பாக இருந்தது. அண்ணை ரின்னைப் பார்த்து, "நல்லா இருங்கோ" என்று தமிழில் சொன்னார். அவருக்கா ரின்னுக்கா என்று தெரியவில்லை.

அன்று அண்ணை சுட்டதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த வருடம் ஒருதரமும் பழகிப் பாராத கை, சுரண்டியெடுத்த மருந்து. குண்டுக்குப் பின் குண்டாகப் போய் நடுவட்டத்திலேயே குந்திக்கொண்டது! ஒன்றே ஒன்று மட்டும் வெளியே விலகியது. கிளப்புக்காரர்கள் கதிரைகளை விட்டு எழுந்துவிட்டார்கள். எனக்கு நெஞ்சு குக்கர்போல அடித்தது. ஆனால் அடுத்த அறைக்குப் போகவில்லை. போக அறை இல்லை.

டொக்டர் அம்மா சுட வேண்டிய முறை வந்தது. அந்தக் கிளப்பில், சுட்டு முடித்தவர்கள் அடுத்தவருக்குப் புள்ளி காட்டப் போகவேண்டும். இலக்குகளுக்குக் கீழே ஆளுயரத்துக்கு மேல் கொங்கிறீற் மதிலோடு ஒரு பள்ளம். அதற்குள் பத்திரமாக நின்றுகொண்டு, ஒவ்வொரு சூட்டுக்கும் பலகையைக் கயிற்றால் கீழே இறக்கி, ஓட்டையைப் பார்த்து, எங்கே விழுந்ததென்று காட்டி, மறுபடி மேலே ஏற்றவேண்டும். சந்தேகம் வந்தால் சுடுகிற இடத்தில் நிற்கும் அதிகாரியோடு பேச ஒரு தொலைபேசி. அண்ணையும் நானும் டொக்டர் அம்மாவின் பலகைக்கு இறங்கினோம்.

வேகமான குண்டு தலைக்கு மேலால் போனால் சவுக்கால் அடித்த மாதிரி வெடிக்கும். இது அப்படியில்லை. முதலில் தூரத்தில் ஒரு "டும்." பிறகு, ஃபோன் பண்ணிவிட்டு வருகிற விருந்தாளிபோல, சாவகாசமாகக் குண்டு வந்து கடதாசியில் "டொக்."

முதலாவது நடுவட்டம். இரண்டாவது அதற்குப் பக்கத்தில், தொட்டுக்கொண்டு. மூன்றாவது முதல் இரண்டுக்கும் நடுவில். அண்ணை பலகையை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் அவர் கண் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது. இத்தனை வருடமாக மேசையில் அவர் பார்த்த கடதாசிகளில் அந்த அம்மாவின் ஓட்டைகள் இப்படிக் கூடி நின்றதேயில்லை. கவனப் பிசகாக இடையில் ஒன்று மட்டும் வெளியே போயிருந்தது.

கடைசிச் சூடு. நடுவட்டத்தில் விழுந்தால் இருவரும் சமம். சமமானால் அந்தக் கிளப்பின் விதிப்படி கேடயம் பழைய சம்பியனோடேயே தங்கும். விழாவிட்டால் அது அண்ணைக்கு. பட்டுத் துண்டு விரித்து வைத்த இடம் எனக்கு ஞாபகம் வந்தது.

டும்.

டொக்.

பலகை கீழே வந்தது. ஓட்டை வட்டத்தின் கோட்டில் நின்றது. கோட்டைத் தொட்டால் உள்ளேதான் கணக்கு. ஆனால் தொடுகிறதா?

"வெளியிலை அண்ணை!" என்றேன் நான். "நல்லா வெளியிலை! கிட்டவும் இல்லை!"

அண்ணை கண்ணாடியைப் போட்டார். அதற்கு மேல் மற்றக் கண்ணாடியைப் போட்டார். குனிந்து, மூக்குக் கடதாசியில் முட்ட, மேசையில் விரித்த குறிப்பைப் பார்ப்பதுபோல மற்ற ஓட்டைகளையும் ஒருதரம் வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசி ஓட்டைக்கு வந்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

"தம்பி, உமக்குக் கண்ணும் இல்லை, வெக்கமும் இல்லை," என்றார். சிரித்துக்கொண்டிருந்தார். "தொட்டுக்கொண்டு நிக்குது. பாரும் எப்பிடி நிக்குது எண்டு! நான் அம்பது எண்டு சொன்னன். முட்டாள், நான்தான் முட்டாள்!"

பலகையை முழு வேகத்தில் மேலே தள்ளி, நடுவட்டத்தைக் காட்டினார். சுடுகிற இடத்திலிருந்து ஆரவாரம் கேட்டது. உடனே தொலைபேசி அடித்தது. அதிகாரி உறுதிப்படுத்தக் கேட்கிறார். அண்ணை எடுத்த எடுப்பில் தமிழில் கத்தினார்.

"நூறு வீதம்!"

மறுமுனையில் திகைப்பு. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

"நூறு வீதம் ஐயா! நூறு வீதம்!"

நான் தொலைபேசியைப் பறித்து ஆங்கிலத்தில் புள்ளியைச் சொன்னேன். அவர் அந்தக் கொங்கிறீற் பள்ளத்துக்குள், இரண்டு கண்ணாடியோடும், சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தார்.

இப்போது கடை இருந்த இடத்தில் ஃப்ளாற் நிற்கிறது. அண்ணையும் அக்காவும் லண்டனின் தெற்கு முனையிலுள்ள சட்டனுக்குப் போய்விட்டார்கள். ரெய்னர்ஸ் லேன்காரர்களுக்குச் சட்டன் என்பது சுவிற்சர்லாந்தைவிடத் தூரம்; அங்கே போவதற்கு விசா மட்டும்தான் தேவையில்லை. நான் போனது ஒரே ஒருமுறை. சாமி அறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் பட்டுத் துண்டு அப்படியே விரித்திருந்தது. அதன்மேல் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு கடதாசி, டொக்டர் அம்மா கையெழுத்திட்டுக் கொடுத்த அந்தப் போட்டிக் கடதாசி. கோட்டில் நின்ற ஓட்டைக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

மருந்து தீர்ந்த அண்ணை இப்போது போட்டிக்குப் போவதில்லை; வேடிக்கை பார்க்க நான் போகிறேன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் போட்டி முடிந்த மாலை அவரிடமிருந்து எனக்கு ஃபோன் வரும். யார் வென்றது என்று கேட்கமாட்டார்.

"டொக்டர் அம்மா வந்தவவோ? ரின்னிலை இன்னும் கிடக்காமோ?" என்பார். "நல்லா வைச்சிருக்கிறாவோ?"